வீரர் வீட்டில் கை நீட்டினால் நிர்வாகம் என்ன செய்கிறது? ரே ரைஸ் விவகாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விளையாட்டு வீரர் ஒருவர் மனைவியையோ காதலியையோ அடித்தார் என்று செய்தி வரும்போதெல்லாம் 2014-இல் அமெரிக்காவில் நடந்த ரே ரைஸ் விவகாரத்தை யாராவது நினைவுபடுத்துவார்கள். லிஃப்டுக்குள் அவர் தான் மணக்கவிருந்த பெண்ணைக் குத்தும் அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் பலர். அதற்கு முந்தைய ஏழு மாதங்களில் அவருடைய அணி நிர்வாகமும், எல்லா அணிகளையும் சேர்த்துப் போட்டிகளை நடத்தும் என்எஃப்எல் என்ற லீக்கின் தலைமையும் எப்படி நடந்துகொண்டன என்பதைப் படித்தவர்கள் குறைவு. எனக்கு அந்த ஏழு மாதங்கள்தான் முக்கியம். அதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ரே ரைஸ் யார்?

அமெரிக்கன் ஃபுட்பால் வீரர். நம்மூர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம் அது. பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் 27-ஆம் எண். 2008-இல் அணிக்கு வந்தார். 2013 பிப்ரவரியில் அந்த அணி சூப்பர் பவுல் கோப்பையை வென்றபோது முக்கியமான ஆட்டக்காரர்களில் ஒருவர். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஐந்து ஆண்டுகளுக்கு 3.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டிருந்தார். ஊரே கொண்டாடிய பிள்ளை. பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் நல்லது பேசுகிறவர் என்று பெயர் வாங்கியவர்.

அன்று என்னதான் நடந்தது?

2014 பிப்ரவரி 15, விடியாத நேரம். நியூஜெர்சி மாநிலம், அட்லாண்டிக் சிட்டி, ரெவல் என்ற சூதாட்ட விடுதி. ரைஸும் அவர் மணக்கவிருந்த பெண்ணும் லிஃப்டில் ஏறுகிறார்கள். கதவு மூடுகிறது. வாக்குவாதம். ரைஸ் முகத்தில் குத்துகிறார். அந்தப் பெண் கைப்பிடிக் கம்பியில் மோதிக் கீழே சாய்ந்தவர் அசைவதே இல்லை. கதவு திறந்ததும், மயங்கிக் கிடப்பவரை ரைஸ் வெளியே இழுக்கிறார். உடம்பில் பாதி லிஃப்டுக்குள், பாதி வெளியே. விடுதி ஊழியர் ஒருவர் வருகிறார்.

முதலில் போலீஸ் இருவர் மீதும் சாதாரணத் தாக்குதல் என்று எழுதியது. நான்கு நாள் கழித்து, பிப்ரவரி 19 அன்று, லிஃப்டுக்கு வெளியே இழுத்துப் போடும் காட்சியை டிஎம்இசட் என்ற செய்தி நிறுவனம் வெளியிட்டது. மார்ச் 27 அன்று, வழக்கு நடத்தலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி, ரைஸ் மீது கடுமையான தாக்குதல் குற்றச்சாட்டைப் பதிவு செய்தது. அந்தப் பெண் மீதான வழக்கு கைவிடப்பட்டது. மறுநாளே இருவருக்கும் கல்யாணம். மே மாதம் ரைஸ், சிறைக்குப் போகாமல் ஆலோசனை வகுப்புகளுக்குப் போய் வழக்கை முடித்துக்கொள்ளும் திட்டத்தில் சேர்க்கப்பட்டார். ஓராண்டில் குற்றச்சாட்டு நீக்கப்பட்டது.

அந்தப் பெண்ணின் பெயரை ஏன் எழுதவில்லை?

உலகத்துக்கே தெரிந்த பெயர்தான், தேடினால் கிடைக்கும். ஆனால் இங்கே பதில் சொல்ல வேண்டியவர் அவர் இல்லை.

நிர்வாகத்துக்கு உண்மை எப்போது தெரிந்தது? வீடியோ வரும் வரை தெரியாது என்கிறார்களே?

இந்த விவகாரத்தின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான்.

சம்பவம் நடந்த அன்றே போலீஸ் எழுதிய புகார்த் தாளில் ஒரு வரி இருக்கிறது. கையால் அடித்து அந்தப் பெண்ணை நினைவிழக்கச் செய்தார் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. இது யாரோ கிளப்பிவிட்ட வதந்தி இல்லை, அரசு ஆவணம். பிப்ரவரி மாதமே யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம். அதற்கு மேல், உணர்வில்லாத ஒரு பெண்ணை இழுத்துப் போடும் காட்சியும் வெளியே வந்துவிட்டது. ஒரு மனிதர் நன்றாக நடந்து லிஃப்டுக்குள் போகிறார், வரும்போது நினைவின்றி இழுத்து வரப்படுகிறார். நடுவில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க வீடியோ வேண்டுமா?

பின்னாளில் எஃப்பிஐ முன்னாள் இயக்குநர் ராபர்ட் முல்லர் இதை விசாரித்து 2015 ஜனவரி 8 அன்று அறிக்கை கொடுத்தார். லிஃப்டின் உள்ளே பதிவான வீடியோ லீக் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று அது சொன்னது. லீக் தரப்பு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டது. ஆனால் அதே அறிக்கையின் மற்ற பக்கங்களைப் படித்தால் வயிறு எரியும். லீக்கின் விசாரணை அதிகாரிகள், சம்பவத்தை விசாரித்த போலீஸ்காரர்களிடம் பேசவில்லை. அரசு வழக்கறிஞர் அலுவலகத்தை அணுகவில்லை. வீடியோவைக் கேட்டு அந்த விடுதியையே தொடர்புகொள்ளவில்லை. ஏப்ரல் தொடக்கத்திலேயே வழக்கு ஆவணங்களோடு ரைஸின் வக்கீல் கைக்கு அந்த வீடியோ வந்துவிட்டது. "கொஞ்சம் காட்டுங்கள், பார்க்கிறோம்" என்று அவரிடமும் யாரும் கேட்கவில்லை. முன்னாள் போலீஸ் அதிகாரிகளைச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் அமைப்பு இது.

பார்க்கவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். பார்க்க முயலாமல் இருந்தது யார் தவறு?

முல்லர் விசாரணை சுதந்திரமானதுதானா?

முல்லரின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அவர் சேர்ந்திருந்த சட்ட நிறுவனம் முன்பு லீக்குக்காக ஒளிபரப்பு ஒப்பந்தப் பேச்சில் வேலை செய்திருக்கிறது. ரேவன்ஸ் அணி நிர்வாகத்தின் தலைவர் டிக் காஸ் பல்லாண்டுகள் வக்கீலாக இருந்ததும் அந்த நிறுவனத்தில்தான். விசாரணையை மேற்பார்வையிட நியமிக்கப்பட்டவர்கள் இரண்டு அணி உரிமையாளர்கள்: ஜான் மாரா, ஆர்ட் ரூனி. மாரா என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வரும்.

மே மாதப் பத்திரிகையாளர் சந்திப்பைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

2014 மே 23. ரேவன்ஸ் அணியின் வளாகம். பின்னால் அணியின் சின்னம். மேசைக்குப் பின்னால் கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில். ரைஸ் முதலில் அணி உரிமையாளரிடமும் பயிற்சியாளரிடமும் ரசிகர்களிடமும் மன்னிப்புக் கேட்டார். தோல்வி என்பது கீழே விழுவதில் இல்லை, எழாமல் கிடப்பதில்தான் இருக்கிறது என்று பேசினார். மூன்று மாதம் முன்பு அவர் கையால் அடி வாங்கி விழுந்து எழ முடியாமல் கிடந்த பெண் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த வாசகம் எவ்வளவு கொடுமையானது என்று அந்த அறையில் இருந்த நிர்வாகிகள் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அப்புறம் அந்தப் பெண் பேசினார். அன்றிரவு நடந்ததில் தன் பங்குக்கு வருந்துவதாகச் சொன்னார். உடனே ரேவன்ஸ் அணியின் அதிகாரபூர்வ ட்விட்டர் கணக்கு அதை எடுத்துப் போட்டது. அடி வாங்கியவர் வருத்தம் தெரிவிக்கிறார், அதை அணி உலகத்துக்கு அறிவிக்கிறது! செப்டம்பர் வரை அந்தப் பதிவு அங்கேயேதான் இருந்தது. வீடியோ வந்து ஊர் கொதித்த பிறகுதான் நீக்கினார்கள். அப்படி வருத்தம் சொல்லச் சொன்னது அணிதான் என்று அவர் பின்னாளில் பேட்டி கொடுத்தார். நாங்கள் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை என்று அணி மறுத்தது. எழுதிக் கொடுத்தார்களோ இல்லையோ, அந்த நாற்காலியைப் போட்டதும் மைக்கை வைத்ததும் அணிதான்.

லீக் கமிஷனர் அந்தப் பெண்ணை நேரில் விசாரித்தாரே, அது நல்லதுதானே?

எப்படி விசாரித்தார் என்று பார்க்க வேண்டும். ஜூன் 16 அன்று நியூயார்க்கில், கமிஷனர், அதாவது லீக்கின் தலைமை நிர்வாகி, ராஜர் குடெல் முன்னால் ரைஸ் ஆஜரானார். அதே அறையில் அவர் மனைவி. கூடவே அணியின் பொது மேலாளர் ஆஸி நியூசம், அணி நிர்வாகத்தின் தலைவர் டிக் காஸ், லீக் அதிகாரிகள். கணவனின் வேலை, குடும்பத்தின் வருமானம், எதிர்காலம் எல்லாம் கையில் இருக்கிற ஒரு மேசை முழுக்க ஆட்கள். அவர்கள் நடுவில், அடித்தவரின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பெண் என்ன சொல்லிவிட முடியும்? கணவனின் வேலையைக் காப்பாற்றும்படி கேட்பதைத் தவிர?

குடும்ப வன்முறை வழக்கைக் கையாண்ட எந்தச் சமூகப் பணியாளரிடமும் கேளுங்கள். முதல் பாடம்: இருவரையும் தனித்தனியாக உட்கார வைத்துப் பேசு. நம்மூரில் நாலு பெரியவர்கள் கூடி, புருஷனையும் வைத்துக்கொண்டு, "என்னம்மா, அனுசரிச்சுப் போயிடுறியா?" என்று கேட்டால் அந்தப் பெண் தலையாட்டத்தான் செய்வாள். நியூயார்க்கில் கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு நடந்ததும் அதே பஞ்சாயத்துதான்.

இரண்டே இரண்டு ஆட்டமா தண்டனை?

ஆமாம். ஜூலை 24 அன்று குடெல் அறிவித்தது இரண்டு ஆட்டத் தடை, அதோடு ஓர் அபராதம். அப்போது சீசனுக்கு ஒவ்வோர் அணிக்கும் 16 ஆட்டங்கள். அடுத்த மாதமே கிளீவ்லாந்து வீரர் ஜோஷ் கார்டனுக்குக் கஞ்சா விவகாரத்தில் ஓராண்டுத் தடை வந்தது. பிறகு அது 10 ஆட்டமாகக் குறைந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த சாதாரண ரசிகர்களே கொந்தளித்தார்கள்.

தடை அறிவித்த நான்காம் நாள் பால்டிமோர் மைதானத்தில் நடந்த பொதுப் பயிற்சியில் ரைஸுக்கு ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டியதையும் சொல்லியாக வேண்டும். பழியை நிர்வாகிகள் தலையில் மட்டும் கட்டிவிட்டு நாம் விலகிக்கொள்ள முடியாது. நிர்வாகம் வீட்டு வன்முறையை அற்பமாக நினைத்ததற்கு அந்தக் கைதட்டலும் ஒரு காரணம்.

முதலில் குடெல், பழைய வழக்குகளில் கொடுத்த தண்டனைக்கு இது பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று வாதாடினார். அது உண்மைதான், அதுவே பெரிய குற்றச்சாட்டும்கூட. பல ஆண்டுகளாக அவ்வளவுதான் கொடுத்து வந்தார்கள். கண்டனம் அடங்கவில்லை. ஆகஸ்ட் 28 அன்று, தான் சரியாகச் செய்யவில்லை என்று ஒப்புக்கொண்டு அணி உரிமையாளர்களுக்குக் கடிதம் எழுதினார். இனி முதல் முறைக்கு ஆறு ஆட்டத் தடை, இரண்டாம் முறைக்கு லீக்கைவிட்டே வெளியேற்றம் என்று புது விதி வந்தது. ஓராண்டு கழித்துத் திரும்பி வர விண்ணப்பிக்கலாம்.

செப்டம்பர் 8 அன்று என்ன மாறியது?

லிஃப்டுக்குள் நடந்ததில் எதுவும் மாறவில்லை. குத்து பிப்ரவரியில் விழுந்த அதே குத்துதான். மாறியது ஒன்றுதான்: ஊர் பார்த்துவிட்டது.

அன்று காலை டிஎம்இசட் உள்ளே பதிவான காட்சியை வெளியிட்டது. அன்று மாலைக்குள் ரேவன்ஸ் ரைஸின் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. லீக் கால வரம்பில்லாமல் தடை விதித்தது. ஏழு மாதம் முடியாதது ஒரே நாளில் முடிந்தது. மறுநாள் அணி உரிமையாளர் ஸ்டீவ் பிஷியோட்டி ரசிகர்களுக்கு எழுதிய கடிதத்தில், வீடியோவைப் பார்த்தது எல்லாவற்றையும் மாற்றிவிட்டது, முன்பே தேடிப் பார்த்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். அப்புறம் 27-ஆம் எண் சட்டையைக் கொண்டுவந்தால் வேறு வீரரின் சட்டை தருகிறோம் என்று அறிவித்தார்கள். மைதானத்தில் நீண்ட வரிசை நின்றது.

செப்டம்பர் 10 அன்று அசோசியேட்டட் பிரஸ் ஒரு செய்தி போட்டது. ஏப்ரலிலேயே லீக் அலுவலகத்துக்கு வீடியோவை அனுப்பியதாகக் காவல்துறை சார்ந்த ஒருவர் சொன்னார். கிடைத்தது என்று உறுதி செய்யும் 12 விநாடிக் குரல் பதிவும் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் முல்லர் விசாரணையே வந்தது. அந்த விசாரணையில் இது நிரூபணமாகவில்லை என்பதை மேலே பார்த்தோம்.

ரைஸ் மேல்முறையீட்டில் எப்படி ஜெயித்தார்?

வீடியோ வந்த பிறகு குடெல் சொன்ன காரணம், ஜூன் மாதம் ரைஸ் சொன்ன கதை தெளிவாக இல்லை, வீடியோவில் இருப்பது வேறு என்பது. அதாவது, அவர் எங்களிடம் மறைத்துவிட்டார் என்று பொருள். முன்னாள் நீதிபதி பார்பரா ஜோன்ஸ் நடுவராக இருந்து இதை ஆராய்ந்தார். ஜூன் கூட்டத்தில் ரைஸ் அடித்ததை ஒப்புக்கொண்டார் என்று அங்கிருந்தவர்களே சாட்சி சொன்னார்கள். ரைஸ் பொய் சொல்லவில்லை, ஒரே தவறுக்கு இரண்டாவது முறை தண்டித்தது தான்தோன்றித்தனம் என்று நவம்பர் 28 அன்று தீர்ப்பளித்துத் தடையை நீக்கினார்.

சிலர் இதை ரைஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்ததாகச் சொல்கிறார்கள். தவறு. அடித்ததில் யாருக்கும் சந்தேகமில்லை. தீர்ப்பு கமிஷனரைப் பற்றியது. உண்மை தெரிந்தும் இரண்டு ஆட்டம் கொடுத்தார், பிறகு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார் என்பதுதான் அதன் சாரம். தடை நீங்கியும் எந்த அணியும் ரைஸை எடுக்கவில்லை.

இது ஒரே ஒரு தடவை நடந்த சறுக்கல்தானே?

இல்லை. முன்னும் உண்டு, பின்னும் உண்டு.

2012 டிசம்பர் 1 அன்று கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் வீரர் ஜோவன் பெல்ச்சர், தன் மூன்று மாதக் குழந்தையின் தாயைச் சுட்டுக் கொன்றார். பிறகு அணி வளாகத்துக்கு வண்டி ஓட்டி வந்து, மேலாளரும் பயிற்சியாளரும் பார்த்துக்கொண்டிருக்க, தன்னையும் சுட்டுக்கொண்டார். மறுநாள் அதே அணி திட்டமிட்டபடி ஆட்டம் ஆடியது. ஒரு தாய் போன மறுநாள்! அப்போதாவது லீக் இந்த விஷயத்தை உட்கார்ந்து யோசித்திருந்தால் 2014-இல் ஜூன் மாதக் கூட்டம் அப்படி நடந்திருக்காது.

ரைஸுக்குப் பிறகு, புது விதி எழுதிய பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் ஜோஷ் பிரவுன், மனைவியைத் தாக்கிய புகாரில் 2015 மே மாதம் கைதானார். 2016 ஜனவரியில் ஹவாயில் நடந்த நட்சத்திர ஆட்டத்தின்போது, கதவைத் தட்டி ரகளை செய்த அவரிடமிருந்து மனைவியையும் பிள்ளைகளையும் வேறு அறைக்கு மாற்றியது லீக்கின் சொந்தப் பாதுகாப்பு ஊழியர்கள்தான். எதுவும் தெரியாது என்று சொல்லவே முடியாது. ஆனாலும் அந்த ஏப்ரலில் அணி அவருக்கு 40 லட்சம் டாலரில் புது ஒப்பந்தம் போட்டது. ஆகஸ்டில் லீக் கொடுத்த தடை ஒரே ஓர் ஆட்டம். முதல் முறைக்கு ஆறு ஆட்டம் என்று எழுதிய விதி எங்கே போனது? அக்டோபரில் போலீஸ் கோப்புகள் வெளிவந்தன. மனைவியை அடித்து வந்ததை பிரவுன் தன் கைப்படவே எழுதிவைத்திருந்தது தெரிந்தது. முன்பே எங்களிடம் அவர் ஒப்புக்கொண்டிருந்தார், எந்த அளவுக்கு என்பதுதான் தெளிவாகத் தெரியவில்லை என்று வானொலியில் சொன்னார் அணியின் இணை உரிமையாளர். அவர் பெயர் ஜான் மாரா. முல்லர் விசாரணையை மேற்பார்வையிட்ட அதே மாரா. சில நாட்களில் பிரவுனை அணி விடுவித்தது, மறுபடியும் ஊர் பார்த்த பிறகு.

கிரெக் ஹார்டி என்ற வீரரின் விவகாரமும் அப்படித்தான். முன்னாள் காதலியைத் தாக்கிய வழக்கில் 2014-இல் நீதிபதி அவரைக் குற்றவாளி என்றார். அவர் ஜூரி விசாரணை கேட்டு மேல்முறையீடு செய்தார். புகார் கொடுத்த பெண் வராததால் வழக்கு தள்ளுபடியானது. டல்லாஸ் கவ்பாய்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. லீக் கொடுத்த 10 ஆட்டத் தடை மேல்முறையீட்டில் 4 ஆனது. 2015 அக்டோபரில் உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸ் அவரை அணியின் தலைவர்களில் ஒருவராகப் புகழ்ந்தார். அடுத்த மாதம் அந்தப் பெண்ணின் உடம்பில் இருந்த காயங்களின் படங்கள் வெளியே வந்தன.

இவ்வளவு பெரிய நிர்வாகங்கள் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன?

கமிஷனரைப் பலர் நீதிபதி மாதிரி நினைக்கிறார்கள். அவர் அணி உரிமையாளர்கள் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆள். 2013-ஆம் ஆண்டுக்குக் குடெல் வாங்கியது சுமார் 3.5 கோடி டாலர். அவருடைய வேலை லீக்கின் பெயரையும் வருமானத்தையும் காப்பது. அந்தக் கண்ணோடு பார்த்தால் ஒரு பெண் அடிபட்டது "விவகாரம்" ஆகாது. அது வெளியே தெரிவதுதான் "விவகாரம்". எனவே விசாரணைக்குச் செலவாக வேண்டிய மூளை, அறிக்கை எழுதுவதில் செலவாகிறது.

அதே கமிஷனர்தான் அன்றைய விதிப்படி விசாரிக்கிறவர், தண்டிக்கிறவர், பெரும்பாலும் மேல்முறையீட்டைக் கேட்கிறவரும். அந்த மேசையில் வீட்டு வன்முறையைப் படித்த, பார்த்த, கையாண்ட ஆள் ஒருவரும் இல்லை. வீடியோ வெடித்த பிறகுதான் பாலியல் குற்ற வழக்குகளை நடத்திய முன்னாள் அரசு வழக்கறிஞர் லிசா ஃப்ரீல் போன்றவர்களை லீக் அழைத்தது. லீக்கும் வீரர் சங்கமும் 2020-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு, முதல் முடிவை இரு தரப்பும் சேர்ந்து நியமிக்கும் அதிகாரி எடுக்கிறார். மேல்முறையீடு இன்னமும் கமிஷனரிடமே.

கணவன் மனைவி விவகாரத்தில் அணிக்கு என்ன வேலை? அவர்களே சேர்ந்து வாழ்கிறார்களே?

"அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழமொழியை நான் வெறுக்கிறேன். அணைப்பதற்காக அடியைப் பொறுத்துக்கொள் என்று எத்தனை பெண்களிடம் அதைச் சொல்லி அனுப்பியிருப்போம்!

அவர்கள் சேர்ந்து வாழ்வது அவர்கள் முடிவு. அதில் யாரும் தலையிடக் கூடாது, அந்தப் பெண்ணைக் கேள்வி கேட்கவும் கூடாது. ஆனால் வீரரின் முகத்தை விளம்பரத்தில் போட்டு, அவர் பெயர் பொறித்த சட்டையைக் குழந்தைகளுக்கு விற்று, அவர் நல்ல குணத்தைப் பற்றிக் குறும்படம் எடுத்துக் காசு பார்க்கிற அணி, வீட்டுக்குள் நடந்தது எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று சொல்ல முடியாது.

நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் வரை பொறுக்க வேண்டாமா?

சிறைக்கு அனுப்ப வேண்டுமானால் பொறுக்கத்தான் வேண்டும். வேலை கொடுப்பவர் தன் அளவில் விசாரிக்க அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. எந்த அலுவலகத்திலும் துறை விசாரணை தனி, நீதிமன்றம் தனி. விசாரணை முடியும்வரை சம்பளத்தோடு ஒதுக்கி வைக்கும் ஏற்பாடு அமெரிக்க லீக்குகளில் இப்போது இருக்கிறது. ஆஸ்திரேலிய ரக்பி லீக் 2019-இல் கொண்டுவந்த விதிப்படி, கடுமையான குற்றச்சாட்டு பதிவானால் குற்றவாளி என்று முத்திரை குத்தாமலே வீரர் ஆட்டத்திலிருந்து ஒதுக்கப்படுவார். புகார் பொய்யாக இருந்தால் அவருக்கும் இது பாதுகாப்பு. ஒழுங்கான விசாரணை வீரருக்கும் நல்லதுதான். ரைஸ் விஷயத்தில் அதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை.

அப்படியென்றால் ஆயுள்தடை விதித்துவிட்டால் சரியாகிவிடுமா?

இங்கே அவசரப்படக் கூடாது. வீரரின் வேலை போனால் அந்தப் பெண்ணின் வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் சேர்ந்தே போகும். புகார் கொடுத்தால் குடும்பமே தெருவுக்கு வரும் என்று தெரிந்தால் எந்தப் பெண் வாய் திறப்பாள்? 2014-இலேயே பெண்கள் அமைப்புகளில் பணியாற்றுவோர் இதைச் சொன்னார்கள். வீரர்களின் மனைவியரிடம் அணி நிர்வாகத்தைத் தாண்டிப் பேச ஓர் ஆள் வேண்டும். அவருக்கும் அணியின் வெற்றிக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. தண்டனையைவிட முதலில் வர வேண்டியது அதுதான் என்பது என் கருத்து.

மற்ற விளையாட்டுகளில் நிலைமை எப்படி?

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் 2014 நவம்பரிலேயே அதன் கமிஷனர் ஆடம் சில்வர், ஜெஃப் டெய்லர் என்ற வீரருக்கு 24 ஆட்டத் தடை கொடுத்தார். வெளியான வீடியோ எதுவும் இல்லாமல், விசாரித்துக் கொடுத்த தண்டனை அது. ஆக, முடியாத காரியம் இல்லை.

பேஸ்பால் 2015 ஆகஸ்டில் வீரர் சங்கத்தோடு சேர்ந்து தனிக் கொள்கை வகுத்தது. அதன்படி முதலில் தடை பெற்றவர் அரோல்டிஸ் சாப்மன், 30 ஆட்டம். ஆனால் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே, விலை குறைந்திருக்கிறதே என்று யாங்கீஸ் அணி அவரை வாங்கிப்போட்டது. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் இன்னும் ஒருபடி மேலே போனது. 75 ஆட்டத் தடையில் இருந்த ரொபர்ட்டோ ஒசூனாவை 2018-இல், தடை முடியும் முன்பே வாங்கியது. 2019 அக்டோபரில் அந்த அணி வென்ற இரவில், உதவிப் பொது மேலாளர் ஒருவர் பெண் செய்தியாளர்களைப் பார்த்து, ஒசூனாவை வாங்கியதில் மகிழ்ச்சி என்று கெட்ட வார்த்தையோடு கத்தினார். அதை எழுதிய செய்தியாளரையே பொய்யர் என்பதுபோல் அணி அறிக்கை விட்டது. இரண்டு மூன்று நாளில் உண்மை வெளிவர, அவரை வேலையிலிருந்து நீக்கி மன்னிப்புக் கேட்டது.

இந்தியக் கிரிக்கெட் வாரியம்?

2018 மார்ச்சில் முகமது ஷமி மீது அவர் மனைவி குடும்ப வன்முறை உள்ளிட்ட புகார்களைச் சொன்னார். ஷமி அனைத்தையும் மறுத்தார். யார் சொல்வது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், அது நீதிமன்றத்தின் வேலை. நான் கவனித்தது வாரியத்தை. வாரியம் அவருடைய ஆண்டு ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தது. ஊழல் தடுப்புப் பிரிவின் தலைவர் நீரஜ் குமார், பணம் வாங்கினாரா என்ற ஒரே கேள்வியை மட்டும் விசாரித்தார். அதில் தவறில்லை என்றதும் ஒப்பந்தம் திரும்ப வந்தது. சூதாட்டத்தை விசாரிக்க வாரியத்தில் தனிப் பிரிவே இருந்தது. வீட்டு வன்முறைப் புகாரை எடுத்து விசாரிக்க எந்த ஏற்பாடும் இல்லை, அது போலீஸ் விஷயம் என்று விட்டுவிட்டார்கள். ஒழுங்கான விசாரணை இருந்திருந்தால் புகார் சொன்னவருக்கும் மறுத்தவருக்கும் அது பயன்பட்டிருக்கும்.

குடெல் பதவி இழந்தாரா?

இல்லை. பெண்கள் அமைப்புகள் ராஜினாமா கேட்டன. அமெரிக்க செனட்டின் பெண் உறுப்பினர்கள் சேர்ந்து கடிதம் எழுதினார்கள். மதுபான நிறுவனமான அன்ஹைசர்-புஷ் போன்ற பெரிய விளம்பரதாரர்கள் அதிருப்தியை வெளிப்படையாகச் சொன்னார்கள். உரிமையாளர்கள் அவரை விடவில்லை. 2017-இலும் 2023-இலும் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள்.

ரைஸ் இப்போது என்ன செய்கிறார்?

மறுபடி ஆடவே இல்லை. அதே மனைவியோடு வாழ்கிறார். இளம் வீரர்களிடம் தான் செய்ததை மறைக்காமல் பேசி வருகிறார். அவர் திருந்தியிருந்தால் எனக்கு மகிழ்ச்சியே. 2023 டிசம்பர் 31 அன்று ரேவன்ஸ் அணி அவரை மைதானத்துக்கு அழைத்து, அன்றைய ஆட்டத்தின் சிறப்பு விருந்தினராகக் கௌரவித்தது. ரசிகர்கள் கைதட்டினார்கள். 2014 மே மாதம் அந்த மேசையைப் போட்டு, அந்தப் பெண்ணை உட்கார வைத்து, அவர் வருத்தம் தெரிவித்ததாக உலகத்துக்கு அறிவித்தவர்கள் யாரும் அந்த ஒரு காரியத்துக்காக வேலை இழக்கவில்லை.